துண்டான நரம்பை மின்தூண்டல் வளர்க்குமா?

கேள்வி
(மேல்நிலைப் பள்ளி விலங்கியல் ஆசிரியை)

அனைவருக்கும் வணக்கம். என் தம்பிக்கு வயது 32. நான்கு மாதங்களுக்கு முன்பு சன்னல் கண்ணாடி உடைந்து, இடது மணிக்கட்டில் சுண்டுவிரல் பக்கமாக ஆழமாக வெட்டியதில் அல்நார் நரம்பு முழுவதும் துண்டாகிவிட்டது. அன்றிரவே அறுவை மருத்துவர் இரு முனைகளையும் சேர்த்துத் தைத்துவிட்டார். காயம் நன்றாக ஆறியிருக்கிறது. ஆனால் சுண்டுவிரலிலும் மோதிர விரலின் பாதியிலும் தொடுவுணர்ச்சி இன்னும் திரும்பவில்லை. விரல்களை அகல விரிக்க முடியவில்லை. கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே இருந்த சதை வற்றி, புறங்கையில் ஒரு குழியே விழுந்திருக்கிறது.

வாரத்தில் ஐந்து நாள் அவன் 'கரண்ட் வைத்துக்கொள்ள' ஒரு சிகிச்சை நிலையத்துக்குப் போகிறான். அங்கே காத்திருந்தவர்களுள் ஒருவர், மின்சாரம் நரம்புக்கு உரம் மாதிரி, எவ்வளவுக்கு எவ்வளவு அதிகம் வைக்கிறோமோ அவ்வளவுக்கு அவ்வளவு வேகமாக வளரும் என்று சொல்லியிருக்கிறார். அதை நம்பி, இணையத்தில் ஒரு கருவியை வாங்கிக் காலையில் மூன்று மணி நேரம், மாலையில் மூன்று மணி நேரம் வீட்டிலேயே வைத்துக்கொள்ளலாம் என்று தம்பி முடிவு செய்திருக்கிறான்.

நான் வகுப்பில் நியூரானைப் பற்றிப் பாடம் நடத்துகிறவள். நரம்பு கொண்டுசெல்லும் செய்திதான் மின்துடிப்பு என்று மாணவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கிறேன். அந்தச் செய்தியே நரம்பை வளர்க்கவும் செய்யுமா என்று இதுவரை நான் யோசித்ததில்லை. வெளியிலிருந்து கொடுக்கும் மின்தூண்டலால் நரம்பணுவுக்குள் உண்மையில் என்ன நடக்கிறது? அதிகம் கொடுத்தால் அதிகம் வளரும் என்பது சரிதானா? தம்பியைத் தடுப்பதா, விடுவதா என்று தெரியாமல் தவிக்கிறேன். அறிந்தவர்கள் விளக்கினால் பேருதவியாக இருக்கும்.

மறுமொழி 1
(நரம்பு மறுவளர்ச்சி ஆய்வில் இருப்பவர்)

அம்மா, உங்கள் கேள்வியின் முதல் பகுதிக்கு விடை 'ஆம்' என்பதுதான். ஆனால் உரம் என்ற உவமை உங்கள் தம்பியைத் தவறான வழிக்குக் கொண்டுபோகும். உழவர்கள் விதைநெல்லை ஊறவைத்து முளைகட்டி விதைப்பார்கள் அல்லவா, அதுதான் இதற்குப் பொருத்தமான உவமை. முளைகட்டுவதால் நாற்றின் அன்றாட வளர்ச்சி வேகம் கூடிவிடாது. விதைகள் எல்லாம் ஏறக்குறைய ஒரே நேரத்தில், தாமதமின்றி முளைவிடும். அதைச் செய்வதற்கும் ஒரு பருவம் உண்டு. அளவு மீறி ஊறினால் விதை அழுகியும் போகும்.

நரம்பு துண்டானதும் என்ன நடக்கிறது என்பதைப் பார்ப்போம். வெட்டுக்கு அப்பால், விரல் பக்கமாக உள்ள ஆக்சான் இழைகள் சில நாட்களில் சிதைந்துவிடும். 1850இல் அகஸ்டஸ் வாலர் தவளையின் நாக்கு நரம்புகளை வெட்டிப் பார்த்து இந்தச் சிதைவை விவரித்தார். இழைகள் அழிந்தாலும், அவற்றைச் சூழ்ந்திருந்த ஸ்வான் செல்கள் அழிவதில்லை. அவை பெருகி வரிசையாக நின்று, புதிய இழைகள் ஊர்ந்துசெல்லப் பாதை அமைத்துக் காத்திருக்கும். புதிய இழைகள் வெட்டுக்கு மேலே உள்ள பகுதியிலிருந்துதான் முளைத்து வரவேண்டும். அவற்றுக்குப் பொருள் அனுப்ப வேண்டிய செல் உடலமோ, அதாவது பள்ளிப் புத்தகத்தில் சைட்டான் என்று நாம் படித்தது, மணிக்கட்டிலிருந்து அரை மீட்டருக்கும் அதிகமான தொலைவில், கழுத்தடித் தண்டுவடத்தில் இருக்கிறது. கை அசைவுக்கான செல்களின் இருப்பிடம் அது. தொடுவுணர்ச்சிக்கானவை தண்டுவடத்துக்குப் பக்கத்தில் உள்ள பின்வேர் நரம்பு முடிச்சுகளில் உள்ளன.

இங்கேதான் பலரும் கவனிக்காத ஒன்று நடக்கிறது. தையல் போட்ட இடத்தை இழைகள் எல்லாம் ஒன்றுசேர்ந்து கடப்பதில்லை. சில இழைகள் சில நாட்களிலேயே கடந்துவிடும். சில அந்த இடத்திலேயே வாரக்கணக்கில் சுற்றித் திரியும். கடந்தபின் மனிதரில் நாளொன்றுக்கு ஏறத்தாழ 1 மில்லிமீட்டர் என்ற கணக்கில் அவை வளர்கின்றன. இழைக்குள் டியூபுலின் போன்ற கட்டுமானப் புரதங்கள் செல் உடலத்திலிருந்து நகர்ந்துவரும் வேகத்தை ஒட்டியே இந்த வேகம் அமைகிறது; ஆகவே எந்தக் கருவியாலும் அதை எளிதில் மாற்றிவிட முடியாது. மின்தூண்டலால் பெரிதும் மாற்றக்கூடியது, கடக்கும் இடத்தில் ஏற்படும் தாமதத்தைத்தான்.

கனடாவின் எட்மன்டனில் உள்ள ஆல்பர்ட்டா பல்கலைக்கழகத்தில் டெஸ்ஸா கோர்டனின் குழுவினர் 2000ஆம் ஆண்டு வெளியிட்ட ஆய்வை இத்துறையில் உள்ளவர்கள் எல்லோரும் அறிவார்கள். எலியின் தொடை நரம்பை வெட்டித் தைத்து, தையலுக்கு மேலே, அதாவது தண்டுவடத்தின் பக்கமாக, நொடிக்கு 20 துடிப்பு வீதம் மின்தூண்டல் கொடுத்தார்கள். இயக்க நரம்பணுக்கள் இயல்பாகத் துடிக்கும் வீதத்தை ஒட்டியே இந்த எண்ணைத் தேர்ந்தெடுத்தார்கள். தூண்டாத எலிகளில், இயக்க நரம்பணுக்கள் அனைத்தும் 25 மில்லிமீட்டர் தொலைவுக்கு இழைகளை வளர்த்து முடிக்க 8 முதல் 10 வாரங்கள் ஆயின. தூண்டிய எலிகளில் 3 வாரங்களே போதுமானதாக இருந்தது. அதைவிட வியப்பு, இரண்டு வாரங்கள் இடைவிடாமல் தூண்டியதற்கும் ஒரே ஒரு மணி நேரம் தூண்டியதற்கும் பலனில் வேறுபாடு இல்லை என்பதுதான். உங்கள் தம்பியிடம் இந்த ஒரு செய்தியைச் சொன்னால் போதும் என்று நினைக்கிறேன்.

இன்னொரு சோதனையையும் அவர்கள் செய்தார்கள். பேத்தை மீனில் உள்ள நஞ்சான டெட்ரோடோடாக்சினை, தூண்டும் இடத்துக்கும் தண்டுவடத்துக்கும் இடையில் நரம்பில் வைத்து, மின்துடிப்பு மேலே ஏறாதபடி தடுத்தார்கள். தூண்டலின் பலன் முழுவதும் மறைந்துவிட்டது. ஆகவே மின்னோட்டம் வெட்டுப்பட்ட முனையை நேராக 'வளர்ப்பதில்லை'. துடிப்பு மேலேறிச் செல் உடலத்தை அடைகிறது. அங்கே கால்சியம் உள்ளே பாய்கிறது. நரம்பணு தன் வளர்ச்சிக்கான மரபணுக்களை இயக்குகிறது. மூளைசார் நரம்பூட்டக் காரணி என்று நாம் சொல்லும் பி.டி.என்.எஃப். புரதமும், அதைப் பற்றிக்கொள்ளும் ஏற்பியும் சில நாட்களுக்குள் கூடுகின்றன. செல்லுக்குள் செய்தி கடத்தும் சைக்ளிக் ஏ.எம்.பி. என்ற சிறு மூலக்கூறும் கூடுகிறது. அதைத் தொடர்ந்து டியூபுலினும், வளரும் ஆக்சானின் அடையாளமான ஜி.ஏ.பி.-43 என்ற புரதமும் மிகுதியாக உற்பத்தியாகின்றன. ஆக, அந்த ஒரு மணி நேரத் தூண்டல் செல்லுக்குப் பிறப்பிக்கப்படும் ஓர் ஆணை. ஆணை போய்ச் சேர்ந்தபின் அதையே திரும்பத் திரும்பச் சொல்வதால் வேலை கூடுதலாக நடந்துவிடாது. உணர்வு நரம்பணுக்களில் இது இன்னும் தெளிவாகத் தெரிந்தது: 2007இல் வெளியான எலி ஆய்வில், ஒரு மணி நேரத் தூண்டல் மறுவளர்ச்சியைக் கூட்டியது, அதைவிட நீண்ட தூண்டல்கள் அந்தப் பலனைத் தரவில்லை.

மனிதரிலும் இதைச் செய்து பார்த்திருக்கிறார்கள். மணிக்கட்டுக் குகையில், அதாவது கார்பல் டனல் எனப்படும் குறுகிய வழியில், நரம்பு கடுமையாக நசுங்கி, கட்டைவிரல் மேட்டுச் சதை இழைகளை இழந்துவிட்ட நோயாளிகளிடம், அழுத்தத்தை நீக்கும் அறுவைக்குப் பின் ஒரு மணி நேரம் 20 ஹெர்ட்ஸ் தூண்டல் கொடுத்து, அதன் முடிவை எட்மன்டன் குழு 2010இல் வெளியிட்டது. தூண்டல் பெற்றவர்களின் சதையை நரம்பிழைகள் ஓராண்டுக்குள் மீண்டும் வந்தடைந்தன. பெறாதவர்களிடம் குறிப்பிடத்தக்க மாற்றம் காணப்படவில்லை. விரல் நரம்பு முழுவதும் துண்டானவர்களிடம் செய்த ஆய்வு 2015இல் வந்தது. அதிலும் தூண்டல் பெற்றவர்களுக்கே தொடுவுணர்ச்சி மேலாகத் திரும்பியது.

இந்த ஆய்வுகள் எல்லாவற்றிலும் தூண்டல் அறுவையை ஒட்டியே, நரம்புக்கு மிக அருகில் வைத்த மின்முனைகள் வழியாகக் கொடுக்கப்பட்டது. நான்கு மாதம் கழித்துத் தோலின் மேல் பட்டை ஒட்டி வைக்கும் கரண்ட், பெயரால் ஒன்றாக இருந்தாலும், வேறு சிகிச்சை. அதைப் பற்றிச் சொல்ல இங்குள்ள இயன்முறை மருத்துவர்களே தகுதியானவர்கள்.

மறுமொழி 2
(மின்பொறியாளர்)

மேலே உள்ள விளக்கம் அருமை. எனக்கு ஓர் ஐயம். வளர்ப்பூடகத்தில் உள்ள நரம்பணுக்களின் இழைகள் எதிர்மின்வாயை நோக்கித் திரும்பி வளர்கின்றன என்று நான் படித்திருக்கிறேன். அது உண்மையானால், செல் உடலத்துக்கு ஆணை அனுப்புவதைத் தவிர, மின்புலத்துக்கு இழையின் முனையை நேராக இழுக்கும் ஆற்றலும் இருக்கிறது என்றுதானே பொருள்? அப்படியானால் ஒரு சிறிய நேர்மின்னோட்டக் கருவியில் எதிர்மின்வாயைச் சுண்டுவிரல் நுனியிலும் நேர்மின்வாயை முழங்கையிலும் வைத்தால், இழைகள் விரல் நுனியை நோக்கி விரைவாகப் போகாதா? இதை யாராவது முயன்றிருக்கிறார்களா?

மறுமொழி 3
(செல் வளர்ப்பு ஆய்வகத்தில் பணிபுரிபவர்)

மறுமொழி 2இல் எழுதிய நண்பருக்கு: நீங்கள் படித்தது உண்மைதான், ஆனால் அதிலிருந்து நீங்கள் வந்தடைந்த முடிவை ஏற்க முடியவில்லை. தயவுசெய்து யாரும் இதை வீட்டில் முயல வேண்டாம். உணர்ச்சியற்ற தோலில் நேர்மின்னோட்டம் வைத்தால் தோல் வெந்து புண்ணாகும் வரை நோயாளிக்குத் தெரியவே தெரியாது.

கோழிக் கருவின் பின்வேர் முடிச்சுகளை நிலையான மின்புலத்தில் வளர்த்து, எதிர்மின்வாயை நோக்கிய இழைகள் மற்றவற்றைவிட வேகமாக வளர்வதை ஜாஃபியும் பூவும் 1979இல் காட்டினார்கள். அதற்கடுத்த சில ஆண்டுகளில், ஆப்பிரிக்கத் தவளையின் கருவிலிருந்து எடுத்த நரம்பணுக்களின் இழைகள் எதிர்மின்வாயை நோக்கித் திரும்புவதும் உறுதியானது. இழையின் நுனியில் கைவிரல்களைப் போல நீண்டு மடங்கித் துழாவும் வளர்முனை ஒன்று இருக்கிறது. அதன் இரு பக்கங்களிலும் உள்ள ஏற்பிகளையும் கால்சியத்தையும் மின்புலம் ஏற்றத்தாழ்வாக மாற்றுவதால் அது ஒரு பக்கம் திரும்புகிறது. முதன்முதலாக நுண்ணோக்கியில் அந்தத் திருப்பத்தைப் பார்த்த இரவு எனக்கு இன்னும் நினைவிருக்கிறது; ஓர் உயிர் வழி தேடுவதைக் கண்ணால் பார்ப்பது போலிருந்தது.

ஆனால் அதே தவளை நரம்பணுக்களை, பாலிலைசின் என்ற நேர்மின்னேற்றமுள்ள பொருள் பூசிய தட்டில் வளர்த்தால், இழைகள் எதிர்த்திசையில், நேர்மின்வாயை நோக்கித் திரும்புகின்றன. எலி மூளையில் ஹிப்போகாம்பஸ் என்ற பகுதியின் நரம்பணுக்கள் மின்புலத்துக்குக் குறுக்கே, செங்குத்தாக வளர்கின்றன. வரிக்குதிரை மீனின் நரம்பணுக்களோ அதைப் பொருட்படுத்துவதே இல்லை. எந்த உயிரி, எந்தத் தரை, எந்தப் பருவம் என்பதைப் பொறுத்தே திசை அமைகிறது. மனிதக் கையில் ஸ்வான் செல்கள் அமைத்த பாதைக்குள் ஊர்ந்துசெல்லும் இழைக்கு, தட்டில் கண்ட ஒரு விதியை அப்படியே பொருத்திவிட முடியாது. மனிதரிடம் இதை முயன்றிருக்கிறார்களா என்று கேட்டிருந்தீர்கள். தண்டுவடக் காயத்தில் முயன்றிருக்கிறார்கள்: 15 நிமிடங்களுக்கு ஒருமுறை திசை மாறும் மிக வலுக்குறைந்த மின்புலத்தைத் தரும் கருவியை 10 நோயாளிகளின் உடலுக்குள் பொருத்திய அமெரிக்க ஆய்வு 2005இல் வெளியானது. திசையை மாற்றி மாற்றிக் கொடுத்ததற்குக் காரணம் உண்டு. எதிர்மின்வாயை நோக்கியவை வளரும் நேரத்தில் மற்றப் பக்கம் உள்ளவை பின்வாங்கலாம். ஆனால் பின்வாங்கல் சற்றுத் தாமதமாகவே தொடங்குகிறது. அதற்குள் திசையை மாற்றிவிட்டால் இரு பக்கமும் பயன்பெறும் என்பது அவர்கள் கணக்கு. அது பாதுகாப்பைச் சோதிக்கும் முதற்கட்ட ஆய்வுதான்; அன்றாட மருத்துவ வழக்கமாக அது இன்னும் மாறவில்லை.

ஆசிரியை கேட்ட 'அதிகம் கொடுத்தால் அதிகம் வளருமா' என்பதற்கு எங்கள் துறையிலிருந்து ஒரு முக்கியமான விடை உண்டு. நன்னீர் நத்தையின் நரம்பணுவை வளர்ப்பில் வைத்து, அதைத் துடிக்கவைத்தால் வளர்முனை அசைவை நிறுத்திவிடுகிறது, இழை நீள்வது நின்றுபோகிறது என்று கோஹனும் கேட்டரும் 1986இல் காட்டினார்கள். எலியின் உணர்வு நரம்பணுக்களிலும் துடிப்பு தொடங்கியதும் வளர்முனை சுருங்குவது பிறகு கண்டறியப்பட்டது. ஆனால் நீண்ட நாள் தூண்டினால் அது பழகிக்கொண்டு மறுபடியும் நீளத் தொடங்குகிறது. முதிர்ந்த எலிகளின் உணர்வு நரம்பணுக்களில், மின்துடிப்பால் திறக்கும் ஒரு குறிப்பிட்ட கால்சியம் வாயில்தான் வளர்ச்சியை அடக்கிவைக்கிறது என்றும், காயம் ஏற்பட்டு அந்த நரம்பணு மின்முறையில் மௌனமாகும்போது வளர்ச்சியின் மேலிருந்த அந்தத் தடை விலகுகிறது என்றும் 2010இல் வெளியான ஆய்வு காட்டியது.

இது மறுமொழி 1க்கு நேர் எதிரானது போலத் தோன்றும். எனக்கும் பல காலம் அது புதிராகவே இருந்தது. இரண்டையும் ஒருசேரப் புரிந்துகொள்ள எனக்கு உதவியது கால்சியத்தைப் பற்றிய எண்ணம்தான். வளர்முனை நன்றாக முன்னேற, அதனுள் கால்சியம் மிகக் குறைவாகவும் இருக்கக்கூடாது, மிக அதிகமாகவும் இருக்கக்கூடாது. அது முனையில் நடப்பது, நொடிகளிலும் நிமிடங்களிலும் நடப்பது. செல் உடலத்தில் மரபணுக்கள் விழிப்பது வேறு இடத்தில், மணிகளிலும் நாட்களிலும் நடப்பது. ஒரு மணி நேரம் தூண்டி நிறுத்தும்போது செல் உடலம் ஆணையைப் பெற்றுக்கொள்கிறது. பிறகு முனைக்கு அமைதியும் கிடைக்கிறது. நாள் முழுவதும் தூண்டினால் அந்த அமைதி கிடைப்பதில்லை. இது என் புரிதல். மறுமொழி 1இல் எழுதியவர் இதை மறுத்தாலும் மகிழ்ச்சியோடு கேட்டுக்கொள்வேன்.

மறுமொழி 4
(இயன்முறை மருத்துவர், கைக் காயங்களில் அனுபவம் உள்ளவர்)

உங்கள் தம்பிக்கு இப்போது வைக்கப்படுவது எது என்பதை முதலில் கேட்டறியுங்கள். 'கரண்ட்' என்ற ஒரே சொல்லால் மூன்று வேறு வேறு சிகிச்சைகளைக் குறிக்கிறோம். இணையத்தில் விற்கும் சிறு கருவிகளில் பெரும்பாலானவை டென்ஸ் வகை, வலியைக் குறைப்பதற்கானவை. ஃபாரடிக் என்பது 1 மில்லிநொடி அளவிலான சிறு துடிப்பு. அது நரம்பின் வழியாகத்தான் சதையைச் சுருங்கவைக்கும், ஆகவே நரம்பிழை இல்லாத சதையில் அது எந்த அசைவையும் உண்டாக்காது. நரம்பிழந்த சதையை நேராகச் சுருங்கவைக்க, பல மடங்கு நீளமான, சில வேளைகளில் 100 மில்லிநொடிக்கும் மேற்பட்ட துடிப்பு தேவை. விட்டுவிட்டுக் கொடுக்கும் கால்வனிக் முறை அதற்கானது. தம்பி வாங்க நினைக்கும் கருவியால் அந்தக் குழிவிழுந்த சதை அசையவே அசையாது என்பது கிட்டத்தட்ட உறுதி.

நேராகச் சதையைத் தூண்டுவதன் நோக்கம் நரம்பை வளர்ப்பது என்று நான் என் நோயாளிகளிடம் சொல்வதில்லை. நரம்பு வந்துசேரும் வரை சதை முற்றிலும் வற்றிப்போகாமல் காப்பதே நோக்கம். இதிலும் கருத்து வேறுபாடு நீண்ட காலமாக இருக்கிறது. சதையைத் தூண்டினால் அண்டை நரம்பிழைகள் கிளைவிடுவது குறைகிறது என்று 1979இல் எலிகளில் காட்டினார்கள். அதனால் பலர் இந்தச் சிகிச்சையையே கைவிட்டார்கள். பிற்காலத்தில் நாளொன்றுக்கு ஒரு மணி நேரம் என்ற அளவான தூண்டல் எலிகளில் கெடுதல் செய்யவில்லை, நன்மையே செய்தது என்ற ஆய்வுகளும் வந்தன. என் அனுபவத்தில், அளவாகச் செய்வதை நான் எதிர்ப்பதில்லை. ஆனால் விரல் மூட்டுகள் இறுகாமல் பார்த்துக்கொள்வதை விட்டுவிட்டுக் கரண்டை மட்டும் நம்பி வருகிறவர்களைப் பார்த்தால் மனம் மிகவும் வருந்துகிறது. நரம்பு திரும்பிவந்தபோது மூட்டு கல்லாகிக் கிடந்த கைகளை நான் பார்த்திருக்கிறேன். சுண்டுவிரலும் மோதிர விரலும் கொக்கிபோல் மடங்கி நிற்காதபடி பின்புறம் தாங்கும் ஸ்பிளிண்ட், ஒவ்வொரு மூட்டையும் நாள்தோறும் மற்றக் கையால் முழுவதும் நீட்டி மடக்குதல், உணர்ச்சியற்ற விரல்களைச் சூடான பாத்திரத்திலிருந்தும் வெட்டுக்காயத்திலிருந்தும் காத்தல் ஆகிய மூன்றும் ஆறு மணி நேரக் கரண்டைவிடப் பயனுள்ளவை.

நரம்பு வளர்கிறதா என்று வீட்டிலேயே ஓரளவு அறிய ஒரு வழி உண்டு. 1915இல், முதல் உலகப்போர் நடந்துகொண்டிருந்த காலத்தில், பிரான்சில் டினெலும் ஜெர்மனியில் ஹாஃப்மனும் தனித்தனியே எழுதிவைத்த முறை இது. விரல் நுனியால் உள்ளங்கைப் பக்கம், நரம்பு போகும் வழியில் கீழிருந்து மேலாக மெல்லத் தட்டிக்கொண்டே வாருங்கள். ஓர் இடத்தில் சுண்டுவிரலுக்குள் மின்சாரம் பாய்வதுபோலக் கூச்சம் தோன்றும். வளரும் இழைகளின் முனைகள் ஏறக்குறைய அங்கே வந்திருக்கின்றன என்று பொருள். அந்த இடத்தைப் பேனாவால் குறித்து, தழும்பிலிருந்து எத்தனை மில்லிமீட்டர் என்று அளந்து, மாதம் ஒருமுறை மட்டும் பாருங்கள். அது விரலை நோக்கி நகர்ந்துகொண்டிருந்தால் பொறுமையாக இருக்கலாம். இரண்டு, மூன்று மாதங்கள் ஒரே இடத்தில் நின்றுவிட்டால் தாமதிக்காமல் அறுவை மருத்துவரிடம் காட்டுங்கள். ஓராண்டு, ஒன்றரை ஆண்டுக்கு மேல் நரம்பில்லாமல் கிடந்த சதை, பிறகு நரம்பு வந்தாலும் நன்றாக மீள்வது அரிது. மணிக்கட்டிலிருந்து அந்தக் குழிவிழுந்த சதைக்கு 8, 9 சென்டிமீட்டர் தொலைவு இருக்கும்; தையலைக் கடக்கும் தாமதத்தையும் சேர்த்துக் கணக்கிட்டால் நான்கு மாதத்தில் அசைவு தெரியாததை மட்டும் வைத்து அஞ்ச வேண்டியதில்லை.

கேட்டவரின் மறுமொழி

அனைவருக்கும் மனமார்ந்த நன்றி. தம்பியை அருகில் உட்காரவைத்து எல்லாவற்றையும் படித்துக் காட்டினேன். கருவி வாங்கும் எண்ணத்தை விட்டுவிட்டான். சிகிச்சை நிலையத்தில் கேட்டதில், கொடுப்பது கால்வனிக் வகைதான், 20 நிமிடம் என்றார்கள். அதைத் தொடரலாம் என்று அறுவை மருத்துவரும் சொல்லிவிட்டார். தட்டிப் பார்த்ததில், தழும்பிலிருந்து 62 மில்லிமீட்டரில், உள்ளங்கையின் நடுவே, 'ஜிவ்' என்று சுண்டுவிரலுக்குள் போகிறது என்றான். பேனாவால் குறித்திருக்கிறோம்.

ஆசிரியையாக எனக்கு இன்னொரு கேள்வி எழுந்துவிட்டது. காயம்பட்ட நரம்பே துடிப்பைக் கேட்டு வளர்கிறது என்றால், கருவில் முதன்முதலாக நரம்பணுக்கள் உருவாகும்போது அவற்றுக்குத் துடிப்பைக் கொடுப்பது யார்? அங்கே கண் திறக்கவில்லை, பார்க்க ஒளியும் இல்லை.

மறுமொழி 5
(வளர்ச்சி நரம்பியல் பயின்றவர்)

அம்மா, அவை தாமே துடிக்கின்றன. கண் திறப்பதற்கு முன்பே விழித்திரையின் நரம்பணுக்கள் ஒன்றையொன்று தொடர்ந்து அலையலையாகத் துடிப்பதை, ஃபெரெட் என்ற கீரி போன்ற விலங்கின் விழித்திரையில் மைஸ்டர், வாங், பேலர், ஷாட்ஸ் ஆகிய நால்வரும் 1991இல் பதிவு செய்தார்கள். அருகருகே உள்ள செல்கள் சேர்ந்து துடிக்கின்றன. தொலைவில் உள்ளவை வேறு வேளையில் துடிக்கின்றன. மூளையில் எந்த இழை எதன் பக்கத்தில் போய்ச் சேரவேண்டும் என்பதை இந்த நேர ஒற்றுமையிலிருந்தே இழைகள் அறிந்துகொள்கின்றன. இதற்கு மூன்றாண்டுகளுக்கு முன், பூனைக் கருவின் மூளைக்குள் அதே பேத்தை மீன் நஞ்சைச் செலுத்தித் துடிப்பை நிறுத்திப் பார்த்தபோது, இரு கண்களிலிருந்தும் வரும் இழைகள் தத்தம் அடுக்குகளாகப் பிரியாமல் ஒன்றோடொன்று கலந்தே கிடந்தன. ஒரு நரம்பணு எந்த வேதிப்பொருளால் பேசும் என்பதைக்கூடத் துடிப்பு மாற்றவல்லது. தவளைக் கருவின் தண்டுவடத்தில் துடிப்பைக் கூட்டினால் அடக்கும் வகைச் செல்கள் கூடுகின்றன. குறைத்தால் தூண்டும் வகைச் செல்கள் கூடுகின்றன. ஒருபக்கமாகச் சாய்ந்துவிடாதபடி கரு தன்னைத்தானே சமன்செய்துகொள்கிறது.

வளர்ந்த கையில் கண்ட 'துடிப்பு மட்டும் போதாது' என்ற நிலை இங்கும் உண்டு. எலியின் விழித்திரை நரம்பணுக்களைத் தனியே பிரித்து வளர்த்த, நரம்பியல் ஆய்வாளர் பென் பாரஸின் ஆய்வகத்தார் 2002இல் கண்டது: ஊட்டக் காரணிகள் இல்லாவிட்டால் அவை ஆக்சானையே நீட்டுவதில்லை, ஊட்டக் காரணியும் மின்துடிப்பும் சேர்ந்து கிடைக்கும்போது வளர்ச்சி மேலும் கூடுகிறது. துடிப்பு, ஊட்டத்தைக் கேட்கும் செவியைத் திறந்துவைக்கிறது என்று நான் மாணவர்களுக்குச் சொல்வதுண்டு. இழை போய்ச் சேர்ந்தபின்னும் துடிப்பின் பங்கு முடிவதில்லை. எலியின் மூளையில் அசைவுக்குரிய நரம்பணுக்களை ஒளியால் துடிக்கவைத்தபோது, அங்கே ஆக்சானைச் சுற்றி மயலின் உறை உண்டாக்கும் செல்கள் பெருகின, உறையும் தடித்தது என்று ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகக் குழு 2014இல் வெளியிட்டது.

வகுப்பில் சொல்ல ஏற்ற சான்று ஒன்று வேண்டுமானால் காதைச் சொல்லுங்கள். பிறவியிலேயே காது கேளாத வெள்ளைப் பூனைகளில், செவி நரம்பு மூளைத்தண்டில் சேரும் இடத்திலுள்ள இணைப்புகள் தட்டையாகி உருக்குலைந்திருக்கும். அப்பூனைக்குட்டிகள் சிலவற்றுக்கு மூன்றாம் மாதத்திலோ ஆறாம் மாதத்திலோ, செவி நரம்பை நேராகத் தூண்டும் காக்ளியர் கருவியைப் பொருத்தி, சில மாதங்கள் ஒலியை மின்துடிப்பாகக் கொடுத்தபின் பார்த்தபோது, அந்த இணைப்புகள் கேட்கும் பூனையில் உள்ளவற்றைப் போன்ற வடிவத்துக்குத் திரும்பியிருந்தன. ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் ரியூகோவும் உடன் ஆய்வாளர்களும் 2005இல் இதைக் காட்டினார்கள். குழந்தைகளிலும், ஏறத்தாழ மூன்றரை வயதுக்குள் கருவி பொருத்தப்பட்டவர்களின் மூளை ஒலிக்குக் காட்டும் எதிர்வினை, கேட்கும் குழந்தைகளின் அளவை மாதக்கணக்கில் எட்டிவிடுகிறது. ஏழு வயதுக்குப் பின் பொருத்தப்பட்டவர்களில் பெரும்பாலோரிடம் அவ்வாறு எட்டுவதில்லை. தமிழ்நாட்டில் முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்தில் சிறு குழந்தைகளுக்கு இந்த அறுவை செய்யப்படுகிறது. ஆகவே உங்கள் பள்ளியை ஒட்டிய அங்கன்வாடியில் ஒலிக்குத் திரும்பிப் பார்க்காத குழந்தை யாராவது கண்ணில் பட்டால், 'பேச்சு மெதுவாக வரும்' என்று பெற்றோர் சொன்னாலும், அந்த வாரமே செவித்திறன் சோதனைக்கு அனுப்பிவையுங்கள்.